மெஷின் சிவக்கிறது, காற்று கெட்டதா? ஏர் பியூரிஃபையர் எச்சரிக்கைகளை அறிகுறி பார்த்துப் பிரித்தறிவது

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டு ஏர் பியூரிஃபையர் சிவந்துவிடும். பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், பதினோராவது மாடி. கீழே எந்நேரமும் வாகனங்கள் ஓடும் சாலை. முதல் சில மாதம் அந்தச் சாலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் உறைத்தது: அதே ஆறரைக்குத்தான் அம்மா சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போகிறார்.

விளக்கு சிவந்ததும் பெரும்பாலானவர்கள் காற்றாடி வேகத்தைக் கூட்டுவார்கள், இல்லை சர்வீஸ்காரருக்கு ஃபோன் போடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் மெஷினின் எந்த உறுப்பு பேசுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த விளக்கு எரிகிறது?

வீட்டு மெஷின்கள் பலவற்றில் மூன்று தனித்தனி விஷயங்கள் விளக்காக வந்து நிற்கின்றன. ஒன்று தூசு சென்சார். சின்ன அறை ஒன்றுக்குள் அகச்சிவப்பு ஒளியோ லேசரோ பாயும். காற்றில் மிதக்கும் துகள் அந்த ஒளியைச் சிதறடிக்கும். சிதறி வருவதை ஒரு கண் அளக்கும். அந்தக் கண்ணுக்குச் சுமத்ராவிலிருந்து வந்த புகைக்கும் சோற்றுப் பானை ஆவிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒளி சிதறினால் அதற்கு எல்லாமே தூசுதான்.

இரண்டாவது வாசனை சென்சார். எல்லா மாடலிலும் இது இருக்காது. சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடு வில்லை ஒன்று. ஸ்பிரிட், பெயிண்ட், எண்ணெய் ஆவி போன்றவை பட்டால் அதன் மின்தடை மாறும். ஏதோ வந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, வந்தது யார் என்று பெயர் சொல்லாது.

மூன்றாவது ஃபில்டர் விளக்கு. இதற்கும் அறைக் காற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கையேட்டில் இந்த மூன்றின் படத்தையும் தேடிப் பிடித்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி மெஷினின் முதுகில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவே இப்போது "இது தூசு லைட்டுப்பா" என்கிறார்.

"தினமும் குறிப்பிட்ட நேரத்தில் சிவக்கிறது"

நேரம் பார்த்துச் சிவந்தால் காரணம் அநேகமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள். காலை ஆறே முக்காலுக்குக் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்கும் நேரமா? மாலை விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்தும் நேரமா? இரவு எட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் மீன் பொரிக்கும் நேரமா? குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு யாராவது வெந்நீர்க் குளியல் முடித்து வரும் நேரமா?

சமையலென்றால் புகைபோக்கியை அடுப்பு பற்றவைக்கும் முன்பே போட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து, கூடத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். மெஷினைச் சமையலறைக்கே தூக்கிக்கொண்டு போவது நல்ல யோசனை போலத் தெரியும், ஆனால் செய்யாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரின் நாரில் ஒட்டினால் கழுவவும் முடியாது, தட்டி உதறவும் முடியாது.

சாம்பிராணி விஷயத்தில் நான் அம்மாவோடு வாதாடவில்லை. வாதாடி ஜெயித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு சமரசம் செய்துகொண்டோம்: பூஜையின்போது பால்கனிக் கதவு திறந்திருக்கும், மெஷின் அணைந்திருக்கும், புகை போனபிறகு கதவைச் சாத்தி, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுவோம். மெஷின் திரையில் தெரியும் தூசு எண் மளமளவென்று இறங்கும். அப்படி இறங்குவதே மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

வருடத்தில் சில நாள் மட்டும் சிவந்தால் நாள்காட்டியைப் பாருங்கள். தீபாவளி இரவு, சீனர்களின் ஏழாம் மாதத்தில் காகிதம் எரிக்கும் மாலைகள், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியென் மக்கள் வெடிக்கும் பட்டாசு. பினாங்கில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் சர்வீஸுக்குக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேகத்தைக் கூட்டினால் போதும்.

டெங்கிக் கொசுவுக்குப் புகையடிக்க வரும் நாள் மட்டும் வேறு கதை. கொசு வீட்டுக்குள் இருந்தாலும் சாக வேண்டும் என்பதற்காகக் கதவு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அது எண்ணெய் கலந்த புகை. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டு வெளியே போங்கள். திரும்பி வந்து, வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு போடுங்கள்.

"எல்லாம் மூடியாச்சு, ஆனாலும் இறங்கவே மாட்டேங்குது"

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதில்தான். வரிசையாகப் பாருங்கள்.

பின்மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? சிரிக்காதீர்கள். புக்கிட் மெர்தாஜாமில் என் மச்சான் நான்கு மாதம் உறையோடுதான் ஓட்டினார். "சத்தமே இல்ல, நல்ல மெஷின்" என்று பெருமை வேறு. காற்று உள்ளே போனால்தானே சத்தம் வரும்!

உறை இல்லையென்றால் அடுத்தது சென்சார் கண். எண் ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல நிற்கிறதா, மேலும் கீழும் அசைகிறதா என்று கவனியுங்கள். உண்மையான காற்றில் எண் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். இரவு பகலாக 180-லேயே நின்றால் கண்ணில் ஏதோ விழுந்திருக்கிறது. எங்கள் மெஷினில் அது ஒரு தலைமுடி. எறும்பு, சிலந்தி நூல், ஈரத்தில் கட்டியான தூசு, எதுவாகவும் இருக்கலாம்.

சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கவாட்டிலோ பின்புறமோ விரல் நுழையும் அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். உள்ளே கண்ணாடிபோல ஒரு வில்லை தெரியும். காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாகத் தண்ணீரில் தொட்டு வில்லையைத் துடைத்து, உடனே உலர்ந்த குச்சியால் ஈரத்தை எடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. மூடி இல்லாத மாடல் என்றால் சென்சார் இருக்கும் துளையில் வேக்கம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் காட்டலாம்.

கண் சுத்தம், ஃபில்டரும் சரி, இன்னும் இறங்கவில்லை. அப்படியென்றால் வீடு ஒழுகுகிறது. பழைய அடுக்குமாடிகளில் இருக்கும் நாக்கோ ஜன்னலை எவ்வளவு இறுக்கினாலும் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே காற்று வரும். வரிசை வீடுகளில் கதவுக்கு மேலே காற்றோட்டத்துக்கென்றே ஓட்டைக்கல் பதித்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட நாம் மறப்பது கழிவறையின் காற்றிழுப்பான். அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிப்புகை எங்காவது ஒரு இடுக்கு வழியாக உள்ளே வந்தே தீரும். புகைமூட்ட நாட்களில் அதை அணைத்து வையுங்கள். சுவர் ஏர்கோனால் (ஏசி) இந்தத் தொல்லை இல்லை. அது அறைக் காற்றையே சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. மெஷின் அட்டைப்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்று போட்டிருக்கும். 12-க்கு 14 அடி அறை, 9 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 43 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 215 தேவை. அதே மெஷினை 400 சதுர அடிக் கூடத்தில் வைத்தால் தேவை 500-ஐத் தாண்டிவிடும். பெட்டியில் போட்டிருப்பது முழு வேகத்துக்கான எண் என்பதையும் மறக்காதீர்கள். சத்தமில்லாத தூக்க நிலையில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். கூடம் முழுவதையும் காப்பாற்ற நினைத்து எதையும் காப்பாற்றாமல் விடுவதைவிட, ஒரே படுக்கையறையைச் சாத்தி அதற்குள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, திரைச்சீலை மூடாத இடமாகப் பாருங்கள்.

"வெளியே மலையே தெரியவில்லை, மெஷின் மட்டும் பச்சையாக இருக்கிறது"

சிவப்பைவிட எனக்குப் பயம் தருவது இந்தப் பச்சைதான். சிவந்தால் யாராவது எழுந்து பார்ப்பார்கள். பச்சையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பச்சை என்பதன் எல்லையைத் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். சில மாடல்களில் கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம் வரை பச்சைதான். சீனா 2012-ல் வைத்த 24 மணி நேரத் தர அளவும் அந்த 75-தான். மலேசியாவில் 2020 முதல் பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு 35. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. ஆக, 60 காட்டும் அறையில் விளக்கு பச்சையாகச் சிரிக்கலாம். உங்கள் மெஷினில் எண் தெரியுமென்றால் நிறத்தை மறந்துவிட்டு எண்ணைப் பாருங்கள். எண் தெரியாத மாடலென்றால், புகைமூட்ட நாளில் தானியங்கி நிலையை நம்பாமல் வேகத்தைக் கையால் கூட்டி வையுங்கள்.

சில மாடல்கள், பிளக் போட்ட சில நிமிடங்களில் இருக்கும் காற்றையே "சுத்தம்" என்று எடுத்துக்கொண்டு அதோடு ஒப்பிடத் தொடங்கும். ஊதுபத்திப் புகைக்கு நடுவே பிளக் போட்டால் அதற்கு ஊதுபத்திதான் சுத்தக் காற்று! மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஜன்னலோரமாக வைத்து, பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் சரியாகும்.

கண் குருடாகிவிட்டதா என்று சோதிக்க எளிய வழி: ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைச் சென்சார் துளைக்கு ஒரு முழம் தள்ளிக் காட்டுங்கள். அரை நிமிடத்தில் நிறம் மாறாவிட்டால் சுத்தம் செய்து மறுபடி காட்டுங்கள். அப்போதும் மாறாவிட்டால் சென்சார் போய்விட்டது, இதற்குச் சர்வீஸ்தான்.

"மெஷின் எண் ஒன்று, அரசாங்க எண் வேறொன்று"

இரண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் வேண்டியதில்லை. மலேசியச் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் ஐபியு, காற்று மாசைச் சொல்லும் ஒரு குறியீடு. 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101-லிருந்து 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். அதில் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறார்கள். உங்கள் மெஷின் காட்டுவதோ இந்த நொடியில், இந்த மூலையில், மைக்ரோகிராமில். காலையில் புகை விலகியபின்பும் ஐபியு சில மணி நேரம் உயரத்திலேயே நிற்பதும், சாயங்காலம் புகை வந்தும் அது மெதுவாக ஏறுவதும் இதனால்தான்.

காற்றை அளக்கும் அரசாங்க நிலையம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2022 ஜனவரியில் நிபோங் திபால் அருகே பூலாவ் பூரோங் குப்பைமேடு பற்றியெரிந்தபோது புகை முதலில் போனது சுற்றுவட்டாரக் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு. அந்த மாதிரி நேரத்தில் எங்கோ தள்ளியிருக்கும் நிலையத்தின் எண்ணைவிட உங்கள் மூக்கும் மெஷினும் சொல்வது மேல். பெரிய புகைமூட்டம் வேறு. அது ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றோடு சுமத்ரா, கலிமந்தான் பக்கமிருந்து வருவது. 2013 ஜூனில் ஜொகூர் மாநில மூவாரில் ஐபியு 746 வரை ஏறி அவசரநிலை அறிவித்தார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிகளை மூடினார்கள். நான் வெளியே போகலாமா, பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா என்பதற்கு ஐபியுவைப் பார்க்கிறேன். ஜன்னலை இப்போது திறக்கலாமா என்பதற்கு மெஷினைப் பார்க்கிறேன்.

"இரவில் மட்டும் சிவக்கிறது"

கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா? 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்தது. ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று வந்தது. அந்த அறையில் மெஷின் சிவக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சுருளுக்குப் பதில் வலை போடுங்கள்.

சுருள் இல்லையென்றால் நீராவிக் கருவியைப் பாருங்கள். அல்ட்ராசோனிக் ஈரப்பதக் கருவியும் வாசனை எண்ணெய் டிஃப்யூசரும் தண்ணீரைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கின்றன. குழாய்த் தண்ணீரின் உப்பும் கூடவே தூசாகப் பறக்கும். சென்சாருக்கு அது புகைதான். பினாங்கின் ஈரத்தில் இன்னும் ஈரம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சில இரவுகளில் பெருமழையின் ஈரம் மட்டுமே எண்ணைக் கொஞ்சம் தூக்கிவிடும், ஏனென்றால் ஈரத்தில் துகள்கள் உப்பிப் பெரிதாகின்றன. ஏர்கோனை உலர்த்தும் நிலையில் ஓடவிட்டு, எண் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் அது ஈரம்.

"வாசனை விளக்கு சிவந்து நிற்கிறது, தூசு விளக்கு பச்சை"

புதிய அலமாரி, புதிய பெயிண்ட், தரை துடைத்த திரவம், கைக்குத் தடவிய சானிடைசர், வாசனைத் திரவியம். ஜன்னலைத் திறந்து காற்றாடவிடுங்கள், தீர்ந்தது. பாலிக் பூலாவிலிருந்து டுரியான் கூடை வந்து இறங்கும் ஜூன், ஜூலையில் எங்கள் மெஷின் இரண்டு மணி நேரத்துக்கு விடாமல் சிவக்கும். அத்தை அதைப் பார்த்து, "உன் மெஷினுக்கு ருசி தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல் எரிவாயு வாடை வந்தால் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதன் சுவிட்சையும் தொட வேண்டாம். எரிவாயுத் தோம்பின் (சிலிண்டரின்) வால்வைத் திருகி மூடி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் வீட்டு ஏர் பியூரிஃபையர் நீக்காது. அறையை நாள் முழுவதும் சாத்தி வைத்துத் தலை கனத்தால், வெளிக்காற்று சற்றுத் தெளிந்த நேரம் பார்த்துப் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள்.

"ஃபில்டரை மாற்று என்கிறது, ஃபில்டர் வெள்ளையாகத்தான் இருக்கிறது"

பல மாடல்களில் அந்த விளக்கு ஓடிய மணி நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. புகைமூட்ட வருடத்தில் ஃபில்டர் அதற்கு முன்பே அடைந்துவிடும்; தெளிந்த வருடத்தில் அதற்குப் பிறகும் தாங்கலாம். உள்பக்கம் சீராகச் சாம்பல் நிறமாகி, முழு வேகத்திலும் காற்று மெலிந்திருந்தால் மாற்றுங்கள். வெளிவலையை மட்டும் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுதாக உலர்த்திப் பொருத்துங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவினால் அதன் நார் கெட்டுவிடும். புதிய ஃபில்டர் போட்டும் விளக்கு அணையவில்லையென்றால், ரீசெட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க மறந்திருக்கிறீர்கள்.

வாடகை மெஷின்காரர்களுக்கு: சர்வீஸுக்கு வரும் தம்பி ஃபில்டரை மாற்றிவிட்டு, சென்சாரைத் துடைக்காமலே போவதுண்டு. எங்கள் வீட்டில் இருமுறை நடந்தது. "தம்பி, கண்ணையும் துடைச்சிட்டுப் போங்க" என்று கேட்டு வாங்குங்கள். அவர் வேலைப் பட்டியலில் அதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு அங்கிள், யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

"மெஷினே நாறுகிறது"

புளித்த துணி வாடை என்றால் ஃபில்டரில் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்திருக்கலாம். கழுவிய வெளிவலையை அரைகுறையாகக் காயவைத்துப் போட்டீர்களா, ஏர்கோன் தண்ணீர் சொட்டும் இடத்தில் வைத்தீர்களா என்று பாருங்கள். பூஞ்சை பிடித்த ஃபில்டருக்கு வெயில் மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும். மீன், சிகரெட் வாடை திரும்ப வந்தால் வாடையை உறிஞ்சும் கரி ஃபில்டர் நிறைந்துவிட்டது. கருகும் வாடை வந்தால் வேறு எதையும் சோதிக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பப் போடுவது சர்வீஸ்காரர் பார்த்த பிறகுதான்.